கோட்டுப் போட்டிருந்தால் தொடக்கூடாது

அலமாரியைப் பெட்டிக்குள் துண்டு துண்டாக வாங்கி வந்து, வீட்டில் பொருத்தத் தெரியாமல் திண்டாடியவர்களுக்குத் தெரியும், கூடவே வரும் அந்த மடித்த தாளின் அருமை. அதில் எழுத்தே இருக்காது, படங்கள் மட்டும்தான். இந்த ஆணி இந்தத் துளையில், இந்தப் பலகை அந்தப் பக்கம். அந்தத் தாளை வரைவதற்கென்று ஒரு ஆள் எங்கேயோ உட்கார்ந்து முதுகு வலிக்க வரைந்திருப்பார் என்று நாம் யாரும் நினைப்பதில்லை. படக்கா பதினோரு வருஷம் அந்த வேலையைத்தான் பார்த்தார்.

வேலையில் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. யாராவது கட்டில் காலைத் தலைகீழாக மாட்டிவிட்டுக் கம்பெனிக்கு ஃபோன் போட்டுக் கத்தினால், மற்றவர்கள் ஃபோனை வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரிப்பார்கள். படக்கா சிரிக்க மாட்டார். அந்தத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு, எந்தக் கட்டத்தில் அந்த ஆள் தடுமாறியிருப்பார் என்று தேடுவார். மாட்டியவர் மேல் தப்பே கிடையாது, தப்பெல்லாம் வரைந்தவர் மேல்தான் என்பது அவர் கட்சி. இந்தக் கட்சியில் அவரைத் தவிர வேறு உறுப்பினர் யாரும் சேரவில்லை.

கம்பெனி வேறு ஊருக்குப் போனபோது படக்கா கூடப் போகவில்லை. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கான ஒரு பயிற்சி மையத்தில், டெலிஃபோன் எடுக்கிற வேலைக்குச் சேர்ந்தார். சேர்ந்த மூன்றாம் நாள் ஒரு பிள்ளை கைகழுவும் தொட்டி முன்னால் நின்று அழுதுகொண்டிருந்தது. குழாய் முதலா, சோப்பு முதலா என்று அதற்குத் திகைப்பு. படக்கா ஒரு பழைய கடித உறையின் பின்பக்கம் ஆறு கட்டம் போட்டு, கை கழுவுவதை வரைந்து, தொட்டிக்கு மேலே ஒட்டினார். பிள்ளை கட்டத்தைப் பார்த்தது, கையைக் கழுவியது, தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டது. அன்றோடு டெலிஃபோன் வேறு ஆளுக்குப் போயிற்று. படம் வரைகிற அக்கா, படக்கா ஆனார்.

அதன் பிறகு முடி வெட்டப் போவதற்கு ஒரு புத்தகம், பல் டாக்டரிடம் வாயைத் திறப்பதற்கு ஒரு புத்தகம், லிஃப்ட்டில் ஏறுவதற்கு ஒரு புத்தகம். ஒவ்வொன்றிலும் அந்தந்தப் பிள்ளையின் முகம், அதன் சட்டை, அதன் செருப்பு. பல் டாக்டர் புத்தகத்தில் டாக்டரின் மீசையை விட்டுவிட்டதால், மீசை உள்ள டாக்டரைப் பார்த்து ஒரு பிள்ளை அலறியடித்து ஓடிய கதையும் உண்டு. படக்கா மறுநாளே மீசை வரைந்தார்.

இப்படி இருக்கையில் மையத்துக்குப் புதிதாக ஒரு பிசியோதெரபிஸ்ட் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும், வாயை மூடத் தெரியாத கலகலப்பு, கண் பார்வை கிடையாது. அவருக்கு வழிகாட்டியாக வெண்ணெய் நிறத்தில் ஒரு பெரிய நாய். அதன் முதுகில் ஆரஞ்சு நிறக் கோட்டு, கோட்டுக்கு மேலே அவர் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி.

"நாய்க்குப் பேரு என்ன மேடம்?" என்று கேட்டார் படக்கா.

"சொல்ல மாட்டேன். பேர் தெரிஞ்சா கூப்பிடுவீங்க. கூப்பிட்டா அவன் திரும்பிப் பாப்பான். அவன் திரும்பிப் பாத்தா நான் படியில உருளுவேன். உங்களுக்கு அது வேணுமா?"

மேடம் விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் அன்றைக்கு மதியமே அது கிட்டத்தட்ட நடந்துவிட்டது, பட்டாணி புண்ணியத்தில்.

பட்டாணி என்பது அப்பா வைத்த செல்லப் பெயர். எட்டு வயது, உருண்டை முகம், நாளுக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். மனிதர்கள் யாரும் அவளைத் தொடக்கூடாது. அம்மா தலை சீவுவதற்குள் வீடு இரண்டாகிவிடும். ஆனால் நாய் என்றால் உயிர். மேடம் மாடியிலிருந்து இறங்கி வரும்போது நடுப்படியில் ஓடிப்போய் நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நாய் தடுமாறியது, மேடத்தின் கால் படியைத் தவறவிட்டது. பக்கச் சுவர் இருந்ததால் முழங்கைச் சிராய்ப்போடு போயிற்று.

"நல்லவேளை, நான் பிசியோ. எனக்கு நானே வைத்தியம் பாத்துக்குவேன்," என்று மேடம் சிரித்தார். படக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று சாயங்காலமே வரைபலகையை எடுத்தார்.

மனிதர்கள் யாரும் தொடக்கூடாது என்று சொன்னதில் ஒரு விதிவிலக்கு உண்டு. அதையும் சொல்லிவிட வேண்டும், கதையே அதில்தான் இருக்கிறது. பட்டாணியின் அப்பா சாலைகளில் வெள்ளைக் கோடு போடும் பெயின்டர். வேலை முடிந்து நாலு மணிக்கு நேராக மைய வாசலுக்கு வருவார். பட்டாணி கேட்டைத் தாண்டி வந்து, தன் நெற்றியை அப்பாவின் வயிற்றில் வைத்து அழுத்துவாள். அவர் கட்டிக்கொள்ளக் கூடாது, கையைத் தொங்கவிட்டுக்கொண்டு மெதுவாகப் பத்து வரை எண்ண வேண்டும். பத்து சொன்னதும் தலையை எடுத்துக்கொண்டு அவள் நடக்க ஆரம்பித்துவிடுவாள். வீட்டில் அது கிடையாது, விடுமுறை நாளில் கிடையாது, வேறு எந்த இடத்திலும் கிடையாது. அந்தப் பத்து எண்ணிக்கைக்காகத்தான் அந்த மனிதர் நாள் முழுக்கத் தார் ரோட்டின் சூட்டில் குனிந்து கிடக்கிறார் என்று சொன்னால் தப்பில்லை.

படக்கா ஆறு பக்கத்தில் புத்தகம் போட்டார். மேடத்துக்குக் கண் தெரியாது. ரோட்டிலும் படியிலும் நாய்தான் மேடத்தின் கண். ஆரஞ்சுக் கோட்டுப் போட்டிருந்தால் வேலையில் இருக்கிறது என்று அர்த்தம். வேலையில் இருக்கும்போது தொடக்கூடாது, கூப்பிடக்கூடாது, முகத்தைப் பார்க்கக்கூடாது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மேலே பார்த்துக்கொண்டு, தன் பாட்டுக்குப் போக வேண்டும். ஆறாம் பக்கத்தில் மேடம் பத்திரமாகப் படியிறங்கிச் சிரிக்கிறார்.

பிறகு பயிற்சி. முதலில் ஒரு பொம்மை நாய். அதற்கு வீட்டிலிருந்த பழைய ஆரஞ்சுத் திரைச்சீலையை வெட்டிப் படக்காவே கோட்டுத் தைத்தார். நடைபாதையில் பொம்மையை வைத்துவிட்டுப் பட்டாணியைக் கடக்கச் சொன்னார். அடுத்து நிஜ நாய், நடைபாதையின் அந்தக் கோடியில். அப்புறம் பத்தடி தூரத்தில், அப்புறம் ஐந்தடியில். இந்தப் பிள்ளைகள் சொன்னதைக் கேட்க மாட்டார்கள் என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் ஒரு நாள் வந்து பார்க்கட்டும். விதி தெளிவாக இருந்தால், அதை நம்மைவிட நூறு மடங்கு ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறவர்கள் அவர்கள். நாம்தான் சிவப்பு விளக்கில் வண்டியை ஓட்டுகிற ஜாதி.

பத்தாம் நாள் படிக்கட்டிலேயே பரீட்சை. மேடமும் நாயும் இறங்கினார்கள், பட்டாணி ஏறினாள். கை பின்னால், பார்வை மேலே, ஒரு அதிகாரியைப் போல விறைப்பாக. நாயின் வால் அவள் முழங்காலில் பட்டும் திரும்பவில்லை.

"யாரோ பக்கத்துல போனாங்களே, யாரு?" என்றார் மேடம்.

"பட்டாணி, மேடம்."

"பொய் சொல்லாதீங்க படக்கா!"

படக்கா அன்று வீட்டுக்குப் பறந்துதான் போனார் என்று சொல்ல வேண்டும். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் கணவரை உட்காரவைத்து ஒரு மணி நேரம் விவரித்தார். "ஒரு நாய்க்கும் ஒரு பொண்ணுக்கும் நடுவுல சமாதானம் பண்ணி வச்சிருக்க. அடுத்து என்ன, ரெண்டு நாட்டுக்கு நடுவுலயா?" என்றார் அவர். கிண்டல்தான், ஆனாலும் அவர் முகத்தில் பெருமை தெரிந்தது.

அதற்கு மூன்றாம் நாள் காலை, பட்டாணியின் அப்பா வந்தார். மகளை வகுப்பில் விட்டுவிட்டு வழக்கம்போலப் போய்விடாமல், படக்காவின் மேசை முன்னால் தயங்கித் தயங்கி நின்றார். அதிகம் பேசாத மனிதர். நகக்கண்ணில் வெள்ளைப் பெயின்ட்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும். நான் ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டேனா?"

"என்ன சார்? யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. பாப்பா இப்பல்லாம் எங்கிட்ட வர்றதில்ல. சாயங்காலம் தலை வைப்பாளே, அது ஒம்பது நாளா இல்ல. தின்னர் வாடையோன்னு சோப்ப மாத்திப் பாத்தேன். மீசைய எடுத்துப் பாத்தேன். இருந்தது அது ஒண்ணுதான் டீச்சர்." அப்போதுதான் படக்கா கவனித்தார், அவருடைய மேலுதடு வெயில் படாத நிறத்தில் வெளுத்துக் கிடந்தது.

நாலு மணிக்குப் படக்கா எப்போதும் மாடியில் தூரிகை கழுவிக்கொண்டிருப்பார். அன்று கழுவாமல் ஜன்னலோரம் நின்றார். தெருவில் அப்பா நின்றார். கேட்டிலிருந்து பட்டாணி வந்தாள். அப்பாவைக் கண்டதும் நின்றாள். இரண்டு கையையும் பின்னால் கட்டினாள். முகத்தை மேலே தூக்கி மின்கம்பியைப் பார்த்தாள். அப்படியே அவரைத் தாண்டி நடந்தாள். அவர் உடம்பில் ஆரஞ்சு நிறக் கோட்டு, ரோட்டில் வண்டிக்காரர்கள் கண்ணில் படுவதற்காகப் போடுவது.

அது ஐந்தாம் பக்கம். கை இருக்கும் கோணம்கூட அவர் வரைந்த கோணம்.

மாடிப்படியில் விழுந்தடித்து இறங்கி, தெருமுனையில் அவர்களைப் பிடித்தார். மூச்சிரைக்க எல்லாவற்றையும் கொட்டினார். கோட்டு, விதி, ஐந்தாம் பக்கம். "உங்க மேல ஒரு தப்பும் இல்ல சார். பாப்பா மேலயும் இல்ல. தப்பு என்னோடது. நான் வரைஞ்சதுதான் தப்பு." அவர் திட்டுவார் என்றுதான் எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் இன்னும் மின்கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ நான் வேலையில இருக்கேன்னு தொந்தரவு பண்ணாம இருந்திருக்காளா?"

"ஆமா சார்."

"என்ன வேணாம்னு இல்ல?"

"சத்தியமா இல்ல."

அவர் சட்டைக்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "நாங்க போட்ட கோடு காயறதுக்குள்ள அது மேலயே வண்டிய ஏத்திட்டுப் போறாங்க டீச்சர். எங்க வேலைக்கு மரியாதை குடுத்தது இந்த ஊர்லயே எம்பொண்ணு ஒருத்திதான்."

படக்கா அந்த ஒரு வாக்கியத்துக்காக அவருக்கு ஆயுசுக்கும் கடன்பட்டவரானார். ஒன்பது நாள் உள்ளுக்குள் வெந்துவிட்டு, காரணம் தெரிந்ததும் முதல் காரியமாக மகளைப் பற்றிப் பெருமைப்பட ஒரு மனசு வேண்டும்.

சரி, கோட்டைக் கழற்றினால் தீர்ந்தது என்றுதான் இருவரும் நினைத்தார்கள். அவர் அங்கேயே கழற்றிக் கையில் போட்டுக்கொண்டார். பட்டாணி கையைப் பிரிக்கவில்லை. மறுநாளும் கழற்றிவிட்டு நின்றார். மறுநாளும் அதே கதைதான்.

மேடத்திடம் போய்ப் புலம்பினார் படக்கா. மேடம் புத்தகத்தை ஒவ்வொரு பக்கமாகச் சொல்லச் சொல்லிக் கேட்டார். நாய் மேசைக்கடியில் படுத்திருந்தது, கோட்டோடு.

"இதுல வேலை ஆரம்பிக்குது படக்கா. எங்க முடியுது?"

படக்கா புத்தகத்தைப் புரட்டினார். எங்கேயும் முடியவில்லை. அந்த நாயை எந்தப் பிள்ளையும் கோட்டில்லாமல் பார்த்ததே இல்லை. போடும் கட்டத்தை வரைந்து, கழற்றும் கட்டத்தை விட்டுவிட்டார். கட்டில் வரைந்த காலத்தில் இப்படிச் செய்திருந்தால், ஊரில் பாதிப் பேர் தரையில்தான் படுத்திருக்க வேண்டும்.

"வீட்டுக்குப் போனதும் நான் கோட்டக் கழட்டிட்டு, 'வேலை முடிஞ்சுது'ன்னு சொல்லுவேன்," என்றார் மேடம். "உடனே ஒரு உதறு உதறுவான் பாருங்க, காதுலேர்ந்து வால் வரைக்கும். அதுக்கப்புறம் அவன் வெறும் நாய். சோஃபாவ நாசம் பண்ணுவான்."

படக்கா நாலு பக்கம் கூட்டினார். கோட்டைக் கழற்றுவது. 'வேலை முடிந்தது' என்று சொல்வது. உடம்பை உதறுவது. கடைசிப் பக்கத்தில், தொடும் முன்னால் கேட்பது. அங்கே 'மேடத்திடம் கேள்' என்றுதான் முதலில் எழுதினார். மேடம் ஒத்துக்கொள்ளவில்லை. "நாளைக்கு ரோட்டுல வேற யாரோட நாயையாவது பாப்பா. அப்ப என்னைத் தேடிக்கிட்டு ஓடி வருவாளா? பொதுவா எழுதுங்க." அதனால் 'யார் கூட்டி வந்தாரோ அவரிடம் கேள்' என்று எழுதி, கீழே இன்னும் ஒரு வரி சேர்த்தார்: 'இப்போது வேண்டாம் என்று அவர் சொன்னால் அதுவும் சரிதான்.'

ஒரு வாரம் தினமும் மூன்றரை மணிக்குப் பயிற்சி அறையில் ஒத்திகை. மேடம் கோட்டைக் கழற்றுவார், சொல்வார், நாய் உதறும். முதல் நாள் நாய் உதறியதைப் பார்த்துப் பட்டாணி வாய்விட்டுச் சிரித்தாள். மூன்றாம் நாள் மேடத்தின் முன்னால் போய் நின்று, "தொடலாமா?" என்றாள். "இப்ப வேண்டாம்," என்றார் மேடம், வேண்டுமென்றே. பட்டாணி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். அதைப் படக்கா சொல்லக் கேட்டதும் மேடம் நகர்ந்து வழிவிட்டார். "தொடும்மா. முதுகுல தொடு," என்றார். பட்டாணி இரண்டு விரலால், ஏதோ சூடாக இருப்பதைத் தொடுவதுபோலத் தொட்டாள். பிறகு உள்ளங்கையை வைத்தாள்.

ஒத்திகை முடிந்ததும் படக்கா தனியாக ஒரு தாள் வரைந்து புத்தகத்தில் ஒட்டினார். ஒரு பாதியில் கோட்டைக் கழற்றிய நாய், மறு பாதியில் கோட்டைக் கழற்றிய அப்பா, மீசையில்லாமல். இரண்டு பேரும் உதறுகிறார்கள்.

"நானும் உதறணுமா டீச்சர்?" என்று கேட்டார் அப்பா.

"காதுலேர்ந்து வால் வரைக்கும் சார். வாலுக்கு என்ன பண்றதுன்னு நீங்களே பாத்துக்கோங்க."

மறுநாள் நாலு மணி. பெயின்டர்களின் வேன் எப்போதும் அவரை முக்கில் இறக்கிவிட்டுப் போய்விடும். அன்று கேட்டு வரைக்கும் வந்தது. ஓட்டிக்கொண்டு வந்தவர் அவருடைய மேஸ்திரி, நாள் முழுக்கக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன பெரிய உருவம். தன் ஆள் ஒருவர் நடுத்தெருவில் நாய் மாதிரி உதறப்போகிறார் என்று கேள்விப்பட்டு, வேடிக்கை பார்க்க வந்திருந்தார். பின்னால் ஐந்து பெயின்டர்களும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பட்டாணி கேட்டைத் தாண்டி வந்தாள். படக்காவும் மேடமும் பின்னால் நின்றார்கள். அப்பாவைக் கண்டதும் பட்டாணியின் கை பின்னால் போயிற்று.

அப்பா கோட்டைக் கழற்றினார். "வேலை முடிஞ்சுது," என்றார். பிறகு வெட்கத்தைப் பார்க்காமல் தலை, தோள், இடுப்பு என்று ஒரு உதறு உதறினார். வேனுக்குள் சிரிப்பு வெடித்தது.

பட்டாணியின் கை பிரிந்தது. ஒரு அடி முன்னால் வந்தாள். நின்றாள். சுற்றும் முற்றும் பார்த்தாள். மேடத்தைப் பார்த்தாள், அவள் தேடிய ஆள் அவர் இல்லை. படக்காவைப் பார்த்தாள், அவரும் இல்லை. அப்புறம் வேனைப் பார்த்தாள். நேராக அதை நோக்கி நடந்தாள்.

படக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. 'யார் கூட்டி வந்தாரோ அவரிடம் கேள்.' மறுபடியும் கோட்டை விட்டாயிற்று. அப்பாக்களுக்கு அந்தக் கடைசிப் பக்கம் கிடையாது என்று எங்கேயும் வரையவில்லை. ஓடிப்போய்த் தடுக்கக் காலை எடுத்துவைத்தவர், பட்டாணியின் முதுகைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். தெரியாத மனிதர் ஒருவரிடம் அந்தப் பிள்ளை தானாகப் போவதை மையத்தில் யாரும் அதுவரை பார்த்ததில்லை.

வேனின் ஜன்னலுக்குக் கீழே நின்று, மேஸ்திரியின் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு, பட்டாணி தெளிவாகக் கேட்டாள்.

"தொடலாமா?"

மேஸ்திரிக்கு ஒன்றும் புரியவில்லை. "எங்கிட்டயா? எதையம்மா?"

பட்டாணி கையை நீட்டி அப்பாவைக் காட்டினாள்.

வேனுக்குள் சிரிப்பு நின்றுபோயிற்று. மேஸ்திரி தன் ஆளைப் பார்த்தார். காலை ஏழு மணியிலிருந்து அவரை அங்கே போ, இங்கே வா, இன்னும் ஒரு கோடு, வெயிலானால் என்ன என்று விரட்டியவர். அந்த முகத்தில் என்னவோ நடந்தது. கதவைத் திறந்து இறங்கினார். தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினார்.

"தொடும்மா," என்றார். "அவரு உங்க அப்பாம்மா. தாராளமாத் தொடு."

பட்டாணி திரும்பி வந்தாள். அப்பாவின் முன்னால் நின்று, நெற்றியை அவர் வயிற்றில் வைத்து அழுத்தினாள்.

படக்காவுக்கு எல்லார் மேலும் நன்றி பொங்கிக்கொண்டு வந்தது. கேட்க வந்த அப்பா மேல், விட்டுப்போன பக்கத்தைக் காட்டிய மேடம் மேல், பேர் தெரியாத அந்த நாய் மேல், வேடிக்கை பார்க்க வந்து இப்படித் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் மேஸ்திரி மேல்.

"ஒண்ணு," என்றார் அப்பா, கையைத் தொங்கவிட்டபடி. "ரெண்டு. மூணு. நாலு." அதோடு குரல் அடைத்துக்கொண்டது.

பத்து சொன்னால்தான் தலையை எடுக்க வேண்டும் என்பது பட்டாணியின் விதி. ஐந்தே இன்னும் வரவில்லை. அவள் தன் பாட்டுக்கு நின்றாள். வேனுக்குப் பின்னால் ஒரு கார் ஹார்ன் அடித்தது. ரோட்டை மறிக்கும்போது நீட்டுகிற கையை நீட்டி மேஸ்திரி அதை அடக்கினார்.

"என்ன, சத்தத்தையே காணோம்? எத்தனையில இருக்காரு?" என்று மெதுவாகக் கேட்டார் மேடம்.

"நாலுல, மேடம்."

"இருக்கட்டும்," என்றார் மேடம். "யாரும் எடுத்துக் குடுக்காதீங்க."

அப்பா ஐந்து சொல்வதற்கு ரொம்ப நேரம் ஆயிற்று.